செம்மண் ஏறிய லெதர் சீற்: என் அனுபவம்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் தூசி அண்ணாவின் காரில் தையல் இடுக்கெல்லாம் ஏறியிருந்தது. வெயிலில் நின்று நின்று சாரதி சீற் வெளிறியும் போயிருந்தது.

முதலில் வக்கியூம் பிடித்துத் தூசியை முழுதாக எடுத்தேன். மண்ணோடு தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும். பிறகு லெதர் கிளீனரைச் சீற்றில் நேரே ஊற்றாமல் மென்மையான பிரஷில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நுரைக்க வைத்து, ஈரத்துணியால் உடனே துடைத்தேன். சின்னத் துளைகள் உள்ள பகுதியில் ஈரம் மிகக் குறைவாக இருக்கவேணும், இல்லாவிட்டால் உள்ளே பஞ்சுக்கு இறங்கிவிடும்.

காய்ந்த பின், நிழலில்தான் கொண்டிஷனர் (லெதரைப் பராமரிக்கப் பூசும் கிறீம்). மெல்லிசாகப் பூசி மிச்சத்தைத் துடைத்தெடுத்தேன். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லுவினம், தயவுசெய்து வேண்டாம். இப்போதைய கார் லெதரில் பெரும்பாலும் பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் மேற்பூச்சு இருக்கும். எண்ணெய் ஊறாமல் பிசுபிசுத்துத் தூசியைத்தான் பிடிக்கும். வெடித்த இடம் மட்டும் கொண்டிஷனரால் சேராது. அதற்கு வெடிப்பை நிரப்பி நிறம் பூசவேணும்.