ஊர் சுற்றிவிட்டு வந்த வாரத்தில் செய்யக் கூடாதவை

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களில் நிறைய நடுராத்திரிக்கும் விடியற்காலைக்கும் நடுவில்தான் வந்து இறங்குகின்றன. துபாய், தோகா வழியாக வருகிறவர்கள் 3 மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினால் இமிகிரேஷன், பெட்டி, டாக்ஸி எல்லாம் முடிந்து வீட்டுக்கதவைத் திறக்க 5 மணி ஆகிவிடும். "திங்கட்கிழமை விடியற்காலை வந்துடுவோம், ஒரு குளியல் போட்டுட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ், ஒரு நாள் லீவு மிச்சம்" என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுப்பவர்கள் நம் பக்கம் ஏராளம். கேட்கப் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வந்த பிறகு நடக்கும் குளறுபடிகளில் பாதி இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. பயணம் விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம், உடம்புக்கும் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அது இன்னும் நாலைந்து நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் லீவு போடும்போதே வந்து சேர்ந்த நாளையும் அதற்கு மறுநாளையும் சேர்த்தே போடுங்கள். அங்கே பார்க்கும் இடத்தில் ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சனிக்கிழமை விடியற்காலை வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் கிடைத்தால் லீவும் வேண்டாம், விலை ஆயிரம் இரண்டாயிரம் கூட இருந்தாலும் அதையே எடுப்பேன்.

அடுத்தது தூக்கம். "ஜெட் லாக் எல்லாம் எனக்கு வராது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் போய்விட்டு வந்தவர்களாக இருப்பார்கள். அங்கே வித்தியாசமே இரண்டரை மணி நேரம்தான். நியூயார்க் என்றால் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. கலிபோர்னியா பக்கம் பன்னிரண்டரை, பதின்மூன்றரை, அதாவது அவர்கள் ராத்திரி நமக்குப் பகல். உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். அப்படியானால் அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே பிடிக்கும். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு மத்தியானத் தூக்கம்தான். மூன்று மணிக்குக் கண் இழுக்கும், சோபாவில் "சும்மா ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சாய்வோம், எழுந்து பார்த்தால் வாசலில் விளக்கேற்றும் நேரம். அன்றைக்கு ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்போம், மறுநாளும் அதே கதை. தாங்க முடியாவிட்டால் அலாரம் வைத்து இருபது, முப்பது நிமிடம் தூங்கிவிட்டு எழுந்து வெளிச்சத்தில் நாலு தெரு நடந்துவிட்டு வாருங்கள். நாலு மணி காபியையும் அந்த ஒரு வாரம் விடுங்கள். காபியில் உள்ள கஃபீனில் பாதி, குடித்து ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அதிலும் நம் டிகாஷன் கொஞ்சம் கெட்டியானது வேறு. ராத்திரி முழிப்பு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் மோர்சாதமோ போதும், போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள். முக்கியமாக, இந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். விமான நிலைய பார்க்கிங்கில் காரை விட்டுப்போய், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இன்சுலின் போடுபவர்கள், நேரம் பார்த்து மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த ஊர் நேரத்துக்கு எப்படி மாறுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வருவோம். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் அடிக்கும், ஏதோ எலி செத்துவிட்டது என்று வீட்டைப் புரட்டிப் போடுவார்கள். பல வீடுகளில் காரணம் ரொம்பச் சாதாரணம். பாத்ரூம் தரையில் ஜல்லடை மூடி போட்ட வடிகால் இருக்கிறதல்லவா, அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று கழிவுக்குழாயின் வாடையை மேலே வரவிடாமல் தடுக்கும். இரண்டு மூன்று வாரம் யாரும் புழங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வற்றிப்போய், வாடையும் கரப்பானும் நேராக உள்ளே வரும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் வாடை அடங்கும், பினாயிலோடு போராட வேண்டாம். ஆனால் வருவது காஸ் வாடையாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் முதலில் ஜன்னல்களைத் திறந்து சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

அதே தேங்கிய தண்ணீர் வேறு இடங்களில் ஆபத்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் ஊரில் இல்லாத இரண்டு வாரத்தில் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏர் கூலர், மூடி சரியில்லாத சின்டெக்ஸ் டேங்க் எல்லாம் அதற்கு வசதியான இடங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் இவற்றைக் கொட்டிக் கழுவுங்கள். பெட்டியையும் படுக்கை மேல் வைத்துப் பிரிக்காதீர்கள். ஹோட்டல் மூட்டைப்பூச்சி பெட்டியின் தையலிலும் ஜிப் ஓரத்திலும் ஒளிந்து வரும், ஒருமுறை மெத்தைக்குள் புகுந்தால் அதை ஒழிப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. பால்கனியில் வைத்துப் பிரித்து, துணியை எல்லாம் நேராக வாஷிங் மெஷினில் வெந்நீரில் போடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: மூன்று வாரம் ரொட்டியும் சீஸும் தின்ற வயிற்றில் முதல் நாளே பிரியாணியும் பரோட்டாவும் தள்ளாதீர்கள், ரசம் சாதம் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆபீஸில் முதல் நாள் காலை இன்பாக்ஸைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் மெயில் கிடக்கும். பொறுப்பானவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்வார்கள், பழையதிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றுக்கும் பதில் போட ஆரம்பிப்பார்கள். பத்து நாளுக்கு முன்பே பேசி முடித்த விஷயத்துக்கு இவர் புதிதாக ஒரு யோசனை சொல்ல, அதற்கு நாலு பேர் "சார், இது முடிஞ்சு போச்சு" என்று பதில் போட, அரை நாள் போய்விடும். ஒரே தலைப்பில் வந்தவற்றைச் சேர்த்து வைத்துக் கடைசி மெயிலை மட்டும் முதலில் படியுங்கள், பாதி தானாகவே தீர்ந்திருக்கும். அதற்கும் முன்னால், உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவரிடம் ஒரு டீயோடு கால் மணி நேரம் உட்காருங்கள். எது எரிகிறது, எது காத்திருக்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும். அவரைக் கண்டுகொள்ளாமல் சாக்லெட் டப்பாவைப் பொது மேஜையில் வைத்துவிட்டுப் போவதும், "இதை ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று முதல் நாளே குடைவதும் அடுத்த லீவுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் ஆப்பு. லீவில் இருப்பதாகச் சொல்லும் தானியங்கிப் பதிலை ஒரு நாள் கூடுதலாகவே ஓடவிடுங்கள், முதல் நாள் மீட்டிங் எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்த ராஜினாமா யோசனை. ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவது நாள் டைடல் பார்க் சிக்னலில் நிற்கும்போது, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று தோன்றத்தான் செய்யும். தூக்கமில்லாத மூளை எதையும் பெரிதாக்கிக் காட்டும். வேலையை விடுவது, வீட்டை விற்பது, கனடாவுக்குப் போவது எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், அதற்குப் பிறகும் தோன்றினால் அது வேறு விஷயம், உட்கார்ந்து யோசிக்கலாம். "அங்கெல்லாம் ஹார்னே அடிக்க மாட்டாங்க" என்பதையும் ஒருமுறை சொன்னால் போதும். கூட வராமல் இங்கே வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட அத்தையிடமோ மாமியாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டே இருந்தால் வேறு மாதிரி கேட்டுக்கொள்வீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு, நீங்கள் ஊரில் இல்லாத நாளுக்கெல்லாம் சம்பளம் பிடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். லீவு எடுத்தது நீங்கள், அவர் இல்லை.

உடம்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஆப்பிரிக்கா, நம் வடகிழக்கு மாநிலங்கள் மாதிரி மலேரியா உள்ள பக்கம் போய் வந்தவர்களுக்குச் சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். டாக்டரிடம் போனால் எங்கே போய் வந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், எந்த ரத்தப் பரிசோதனை எழுதுவது என்பதே அதைப் பொறுத்துத்தான். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினால் நேராக ஆஸ்பத்திரி.

மிச்சம் பணமும் காகிதமும். பெட்டி உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தீர்கள் என்றால் சர்வதேசப் பயணத்தில் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். மிஞ்சிய டாலரை அலமாரியில் போட்டு மறக்காதீர்கள். 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருக்கும் நோட்டுகளைத் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. டூர் பேக்கேஜில் டி.சி.எஸ். என்று டூர் கம்பெனி முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி உங்கள் பணம்தான், வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்து வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளுங்கள், டூர் கம்பெனி ரசீதை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். போகும்போது கார்டில் திறந்துவிட்ட வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் மூடிவிடுங்கள், டாக்ஸியில் வரும்போதே செய்துவிடக்கூடிய வேலை அது.