ஆவிக்குரிய வரங்களைச் சபைக்கு வெளியே உள்ளவர்களோடு பகிர்ந்துகொள்வது எப்படி?

பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்கு அருளும் திறன்களான ஆவிக்குரிய வரங்களைப் பற்றிய போதனை பெரும்பாலும் ஆராதனைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. யார் தீர்க்கதரிசனம் சொல்லலாம், ஒருவர் அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் வரும் விளங்காத மொழியில், பேசினால் யார் அர்த்தம் சொல்ல வேண்டும் என்பன போன்ற கேள்விகளை 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரையுள்ள அதிகாரங்கள் விரிவாகப் பேசுவதால், வரங்கள் சபை கூடும் நேரத்துக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் விசுவாசிகள் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. வேதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. யோசேப்பு கனவுக்குப் பொருள் சொன்னது பார்வோனுக்கு. தானியேல் சொன்னது பாபிலோன் அரசனுக்கு. கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுல், காய்ச்சலாலும் இரத்தபேதியாலும் படுத்துக்கிடந்த தீவின் தலைவர் புபிலியுவின் தகப்பனுக்காக ஜெபித்துக் கைகளை வைத்தபோது அவர் குணமடைந்தார். வரங்களை வெளியே கொண்டுசெல்ல இவ்வளவு ஆதாரம் இருக்கிறது. எதிரில் இருப்பவரின் மதிப்பும் சுதந்திரமும் குறையாதபடி அதைச் செய்வதற்குத்தான் நமக்குப் பயிற்சி வேண்டும்.

முதலில் உங்களுக்கு அருளப்பட்டிருப்பது எது என்று அறிந்துகொள்ளுங்கள். வரம் என்றதும் பலரும் குணமாக்குதலையும் தீர்க்கதரிசனத்தையுமே நினைக்கிறார்கள். ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் பட்டியலிலோ ஊழியம் செய்தல், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்து கொடுத்தல், தலைமை தாங்குதல், இரக்கம் காட்டுதல் ஆகியவையும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. நோயுற்ற அண்டை வீட்டாருக்குத் துணையாக இரவு முழுவதும் விழித்திருப்பதற்கு எந்த முன்னுரையும் தேவையில்லை. யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் கையில் எடுத்துக் காட்டி விதவைகள் அழுதார்கள். அவளுடைய வரம் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் மற்றவர்கள் எதற்காகத் தேடிவருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களை நன்கு அறிந்த முதிர்ந்த விசுவாசிகள் சிலரிடமும் கேளுங்கள்.

அடுத்தது கேட்பது. இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பல முயற்சிகள் மனத்தாங்கலில் முடிகின்றன. பர்திமேயு பார்வையற்றவன் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், தான் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனையே கேட்டார். நாமும் அப்படியே கேட்க வேண்டும்; இல்லை என்று சொல்லவும் இடம் வைத்துக் கேட்க வேண்டும். உங்களோடு வேலை செய்பவர் ஒருவருடைய தாயார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பிறகு, மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, “எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை உண்டு. உங்களுக்குச் சம்மதம் என்றால் அம்மாவுக்காக இப்போதே சுருக்கமாக ஜெபிக்கிறேன், வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, நான் வீட்டில் நினைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, பேச்சை அவருடைய தாயாரின் உடல்நிலைக்குத் திருப்புங்கள். மறுநாளும் அதே அன்போடு நலம் விசாரியுங்கள். சம்மதம் கிடைக்காதபோதும் உங்கள் அக்கறை குறையவில்லை என்பதை அவர் காண வேண்டும்.

சம்மதம் கிடைத்தால், சாதாரணமாகப் பேசும் குரலில், சாதாரணச் சொற்களில் ஜெபியுங்கள். “ஆண்டவரே, இவருடைய அம்மாவுக்கு நல்ல சுகத்தையும் மருத்துவர்களுக்கு நல்ல தெளிவையும் தாரும், இவருக்கு மன அமைதியைத் தாரும், இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்” என்ற அளவே போதும். கண்களை மூட வேண்டும் என்றோ தலை குனிய வேண்டும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். தனியாக அனுமதி பெறாமல் தலையிலோ தோளிலோ கைவைக்காதீர்கள். ஜெபத்தின் நடுவே அவருடைய பாவங்களைப் பற்றியோ இரட்சிப்பைப் பற்றியோ பிரசங்கம் செய்வது, அவர் கொடுத்த அனுமதியை மீறுவதாகும். அவர் சம்மதித்தது தாயாருக்காக ஜெபிப்பதற்கு மட்டுமே. குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தையோ சிகிச்சையையோ நிறுத்தும்படி எந்தச் சூழ்நிலையிலும் சொல்லாதீர்கள். சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைவு என்று நோயாளியின்மேல் பழி போடுவது கொடுமை. பவுலின் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கே அடிக்கடி பலவீனம் வந்தது. மற்றோர் உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார்.

தீர்க்கதரிசனத்துக்கும் அறிவை உணர்த்தும் வசனத்துக்கும் (ஒருவரைப் பற்றி ஆவியானவர் உணர்த்தும் செய்திக்கும்) இன்னும் அதிக நிதானம் தேவை. “கர்த்தர் உனக்குச் சொல்லுகிறார்” என்று தொடங்கும் பேச்சு, வேதத்தை அறியாத ஒருவரை மிரட்டவோ கட்டுப்படுத்தவோ கூடும். “உங்களுக்காக ஜெபித்தபோது எனக்கு இப்படி ஓர் எண்ணம் வந்தது. பொருந்துகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள்” என்று சொன்னால், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5:21 அவருக்கும் வழியாகிறது. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் என்று 1 கொரிந்தியர் 14:3 காட்டும் எல்லைக்குள் நில்லுங்கள். யாரைத் திருமணம் செய்ய வேண்டும், எப்போது குழந்தை பிறக்கும், யார் எப்போது இறப்பார், பணத்தை எதில் போடலாம் என்பவற்றுக்குள் நுழையவே கூடாது. கடினமான ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் தானியேலைப் பாருங்கள்: நேபுகாத்நேச்சாரின் கனவு அவனுக்கே கேடானது என்று கண்டபோது தானியேல் உடனே வாய் திறக்கவில்லை, ஒரு நாழிகை திகைத்துக் கலங்கினார். தன் மக்களைச் சிறைபிடித்த அரசனுக்காக அவர் அப்படிக் கலங்கினார் என்பதை மறந்துவிட வேண்டாம். அந்தக் கலக்கம் நம்மிடம் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை நாம் சொல்லாமலிருப்பதே மேல்.

அந்நிய பாஷையைத் தனி ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத பேச்சைக் கேட்கும் அவிசுவாசிகள் நமக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூடும் எனப் பவுல் அதே 14-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

பணம் வாங்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதிதான். குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான் கொடுத்த காணிக்கையை எலிசா தீர்க்கதரிசி மறுத்தார். நாகமானின் பின்னாலேயே ஓடிய எலிசாவின் வேலைக்காரன் கேயாசி இரண்டு தாலந்து வெள்ளியையும் மாற்று வஸ்திரங்களையும் வாங்கிக்கொண்டு, நாகமானின் குஷ்டரோகத்தையும் சேர்த்துப் பெற்றான். ஆனால் பணத்தைத் தொடாதவர்களும்கூட வேறொரு கூலியை எடுத்துக்கொள்வதுண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி, நாம் ஜெபித்தவருடைய பெயரோடும் நோயோடும் குடும்பச் சிக்கலோடும் சாட்சி சொல்வதும், படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அந்தக் கூலிதான். அவர் நம்பிச் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லாதீர்கள்.

உங்களுக்குக் கீழே பணிபுரிபவர்கள், உங்கள் மாணவர்கள், துக்கத்தில் நிலைகுலைந்திருப்பவர்கள் ஆகியோரால் உங்களிடம் எளிதில் மறுப்புச் சொல்ல முடியாது. அவர்கள் தாமாகக் கேட்டாலன்றி ஜெபத்தை முன்வைக்காமல், நடைமுறை உதவியோடு நின்றுகொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் அனுமதி கட்டாயம். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார். அந்நியர் ஒருவர் வீட்டுக்குப் போகும்போது நீங்களும் அவ்வாறே துணையோடு போங்கள், நடந்ததை உங்கள் போதகரிடமோ பொறுப்புள்ள மூத்தவரிடமோ சுருக்கமாகத் தெரிவியுங்கள். எந்த விவரத்தைச் சொல்லலாம் என்று, நீங்கள் யாருக்காக ஜெபித்தீர்களோ அவரிடமே முன்பே கேட்டுக்கொள்வது முறை.

பிறகு என்ன என்ற கேள்வி வரும். இயேசுவிடம் வந்த குஷ்டரோகிகள் பத்துப் பேரும் சுத்தமானார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் சமாரியன் ஒருவன்தான். வராத ஒன்பது பேரிடமிருந்து சுகம் திரும்பப் பெறப்பட்டதாக லூக்கா எழுதவில்லை. நீங்கள் ஜெபித்தவர் ஒருபோதும் சபைக்கு வராமல் போகலாம். அதன் பிறகும் அவர் உங்கள் நண்பராகவே இருக்கட்டும், அவருடைய தாயாரின் நலத்தைத் தொடர்ந்து விசாரியுங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவரே ஒருநாள் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்லும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும், கிறிஸ்து உங்களுக்குச் செய்ததை ஒளிக்காமல் சில வாக்கியங்களில் சொல்லுங்கள். மேற்கொண்டு அறிய விரும்புகிறாரா என்று கேட்டுவிட்டு, அவருடைய பதிலுக்குக் காத்திருங்கள்.