சென்சாரை மாற்றுவதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

வீடு மண்டபத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. வண்டி 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். போன ஆடியில் கச்சான் காற்று போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது மீட்டரில் மஞ்சள் இன்ஜின் படம் எரிந்தது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டுப் பார்த்து, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். 3,800 ரூபாய். ஒன்பதாம் நாள் பாம்பன் பாலம் ஏறும்போது மறுபடி எரிந்தது. அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். நிலையாக எரிந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் பதற வேண்டாம், வீட்டுக்கு ஓட்டி வரலாம்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஓபிடி 2 இருக்கும், கோளாறை வண்டியே பதிந்து வைக்கும் ஏற்பாடு அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். 700 ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி போனில் படித்தேன். இன்னும் பழைய வண்டியில் இந்த மலிவு ஸ்கேனர் பேசாமல் போகலாம், பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். கோளாறைக் குறிக்கும் எண் (கோடு) வந்ததும் அதை அழித்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் உண்டு. கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடு, என்ன வேகம் என்றெல்லாம் அதில் நிற்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

எனக்கு வந்தது பி 0135. முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். சென்சார் சுமார் 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும், அதற்காக உள்ளே ஒரு ஹீட்டர். கோடு சொல்வது சர்க்யூட்டை. பியூஸ், வயர், வயர்களை இணைக்கும் கப்ளர், பேட்டரி நெகடிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த், கடைசியில் சென்சார், எல்லாம் சேர்ந்ததுதான் அது. நம் கடற்கரையில் உப்புக்காற்று முதலில் தின்பது கப்ளரையும் எர்த்தையும்தான்.

பியூஸ் நன்றாக இருந்தது. இன்ஜின் ஆறியதும் சென்சார் கப்ளரைக் கழற்றினேன். சென்சார் பக்கம் புதுசு, பளபளப்பு. வண்டிப் பக்கம் உள்ளே பச்சைக் களிம்பு. ஒன்பது நாள் கதை அங்கேயே புரிந்துவிட்டது. புதுப் பின் உரசிச் செருகியதில் களிம்பு கொஞ்சம் விலகித் தொடர்பு கிடைத்திருக்கிறது, பிறகு மறுபடி பூத்துவிட்டது.

இதில் மல்டிமீட்டர் ஏமாற்றும். சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கக் கப்ளரில் ஹீட்டருக்குக் கரண்ட் வரும் பின்னை அளந்தால் 12 வோல்ட் காட்டியது. மீட்டர் கரண்ட் இழுப்பதில்லை, அதனால் மயிரிழைத் தொடர்பு இருந்தாலும் முழு வோல்ட் காட்டும். 5 வாட் பல்பில் இரண்டு வயர் கட்டி, ஒன்றை அந்தப் பின்னிலும் மற்றதை பேட்டரி நெகடிவிலும் வைத்தேன். மின்மினி மாதிரி மினுங்கியது. கரண்ட் வரும் பின்னில் மட்டும் இப்படிச் செய்யுங்கள். மற்ற பின்கள் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குப் போகிறவை, அவற்றில் பல்பை வைக்காதீர்கள்.

அடுத்து எர்த். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மற்றதை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எனக்கு 0.5 காட்டியது.

பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, எர்த் கம்பியின் நுனி வளையத்தையும் (லக்) போல்ட் உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உப்பு செய்ததை உப்புத்தாளே எடுத்தது! மெல்லிய பின்களில் உப்புத்தாள் வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷால் தேய்த்தால் போதும். அரித்து மெலிந்துபோன பின்னை மட்டும் மாற்றச் சொன்னார் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். ஒன்றை மாற்றினோம். எர்த் போல்ட்டை இறுக்கிய பிறகு அதன் மேல் வேஸ்லின் பூசினேன். பல்பு இப்போது பளிச்.

தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசுங்கள். எங்கள் போர் தண்ணீரே உப்பு. காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் வீட்டில் சோறு கிடைக்காது, அதனால் இரண்டு வாளியோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்ஜின் பக்கம் மட்டும் பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், கப்ளருக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

கடைசியாக அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். அழித்ததும் அணைவதை நம்பக் கூடாது. பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் கோளாறு தெரிந்தால்தான் லைட் திரும்ப எரியும். தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளப்பி, உச்சிப்புளி வரை போய் வந்தேன். எரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த பழைய சென்சார் டிக்கியில் கிடந்தது. அதன் ஹீட்டர் பின்கள் இரண்டையும் அளந்தேன். 7 ஓம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.