அப்போஸ்டில் வாங்கப் போய் நம்மாளுங்க எங்கெல்லாம் மாட்டிக்கிறாங்க

வெளிநாட்டு வேலை, படிப்பு, ஃபேமிலி விசா எதுவா இருந்தாலும் "சர்டிஃபிகேட்டை அப்போஸ்டில் பண்ணி அனுப்புங்க"ன்னு மெயில்ல ஒரு வரி வந்துடும் (அப்போஸ்டில்னா, வெளிநாட்டுல செல்றதுக்காக நம்ம வெளியுறவு அமைச்சகம் சர்டிஃபிகேட்ல ஒட்டிக் குடுக்குற ஸ்டிக்கர்), உடனே ஏஜென்ட்டுக்கு போன் போட்டு எவ்ளோ ஆகும்னு கேக்குறோம். முதல்ல கேக்க வேண்டியது அது இல்லீங்க. நீங்க போற நாட்டுல அப்போஸ்டில் செல்லுமான்னு பாருங்க.

1961 ஹேக் ஒப்பந்தத்துல இருக்கற நாடுகளுக்குள்ளதான் இது செல்லும், இந்தியா 2005ல சேந்துச்சு. கல்ஃப்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனைக்காதீங்க, ஓமனும் பஹ்ரைனும் ரொம்ப நாளா உள்ள இருக்கு, சவுதி 2022 டிசம்பர்லதான் வந்துச்சு, ஆனா துபாய், கத்தார், குவைத்துக்கு பழைய முறைதான், அதாவது நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) முடிச்சு அதுக்கு மேல அந்த நாட்டு எம்பசி முத்திரையும் வாங்கணும். சிங்கப்பூர் 2021ல வந்துச்சு, கனடா 2024 ஜனவரியில. அதனால எப்பவோ கனடா போன மாமா சொல்ற ரூட்டை அப்படியே புடிச்சுட்டு போகாதீங்க. ஜெர்மனி தனி கதை, ஒப்பந்தத்துல இருக்கு, ஆனா இந்தியா சேந்ததுக்கு ஆட்சேபம் சொல்லி வச்சிருக்கு, அதனால நம்ம ஸ்டிக்கர் அங்க எடுபடாது.

அடுத்தது, அந்த ஸ்டிக்கர் என்ன சொல்லுதுன்னே நிறைய பேருக்கு தெரியல. உங்க டிகிரி ஒரிஜினல்னு அது சொல்லல, பேப்பர்ல கையெழுத்து போட்ட அதிகாரியோட கையெழுத்தும் சீலும் நெசம்னு மட்டும்தான் சொல்லுது. அமைச்சகம் பாக்குறது மாநில அரசு அதிகாரி கையெழுத்தை, அந்த அதிகாரி பாக்குறது யுனிவர்சிட்டியோ பதிவாளரோ போட்டதை. நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா மேல ஏறாது. நம்ம ஊர்ல படிப்பு சர்டிஃபிகேட்னா தலைமைச் செயலகத்துல உயர்கல்வித் துறை பக்கம் போகணும், அதுக்கு முன்னாடி பல சமயம் யுனிவர்சிட்டிலேர்ந்து ஜென்யூன்னஸ் (சர்டிஃபிகேட் நெசம்தான்னு ஒரு லெட்டர்) வேற கேப்பாங்க, நேரம் தின்றது அங்கதான். இதைத் தாண்டத்தான் சில ஏஜென்ட்டுங்க டெல்லியில எஸ்.டி.எம் (சப் டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்) அட்டஸ்டேஷன் போட்டு சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாங்க. அதுவும் ஒரு வழிதான், தப்புன்னு சொல்லல, ஆனா டிகிரிக்கு மாநில அட்டஸ்டேஷன்தான் வேணும்னு கேக்குற கம்பெனியும் எம்பசியும் உண்டு. காசு கட்டுறதுக்கு முன்னாடியே "எந்த ரூட்?"னு கேட்டு வாட்ஸ்ஆப்ல எழுதி வாங்கிடுங்க.

இப்ப லேமினேஷன். பத்திரமா இருக்கட்டும்னு அப்பா அன்னிக்கே பிளாஸ்டிக் போட்டு வச்சிருப்பாரு, பாசம்தான், ஆனா அதுமேல சீலும் குத்த முடியாது கையெழுத்தும் போட முடியாது. யூடியூப் பாத்து அயர்ன் பாக்ஸ் வச்சு உரிக்கப் போனா பிரிண்டோட சேந்து உரிஞ்சு வரும். பர்த் சர்டிஃபிகேட்னா அதை அப்படியே விட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்துடுங்க, அதுவும் ஒரிஜினல்தான். பழைய கைல எழுதுன சர்டிஃபிகேட்ல குழந்தை பேர் எழுதுற இடமே காலியா இருக்கும், அதையும் பேர் பதிஞ்சு புதுசாத்தான் வாங்கணும்.

கல்யாணத்துக்கு கோயில்ல குடுத்த ரசீதையோ மண்டபத்து பில்லையோ எடுத்துட்டு வராதீங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச சர்டிஃபிகேட்தான் கணக்கு. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா கல்யாணமும் பதிஞ்சே ஆகணும், விசா வரும்போது பாத்துக்கலாம்னு தள்ளிப்போடுறவங்கதான் அதிகம்.

நம்மளோட பெரிய தலைவலி இனிஷியல். மார்க்ஷீட்ல "எம். கார்த்திக்", பாஸ்போர்ட்ல "கார்த்திக் முருகேசன்", பையனோட பர்த் சர்டிஃபிகேட்ல அப்பா பேரு "கார்த்திகேயன்". நமக்கு மூணும் ஒரே ஆளுதான்னு தெரியும், அங்க கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவருக்கு மூணு ஆளு. ஸ்டிக்கர் ஒட்டினப்புறம் பேர் திருத்துனா திருத்துன பேப்பருக்கு மறுபடி முதல்லேர்ந்து வரணும், அதனால எல்லா பேப்பரையும் பாஸ்போர்ட் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாத்துட்டு அப்புறம் கிளம்புங்க.

அரியர் வச்சு எழுதுனவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு மார்க்ஷீட்டும் தனி டாக்குமென்ட், தனி ஸ்டிக்கர், தனி காசு. கேக்குறவங்க கன்சாலிடேட்டட் மார்க்ஷீட் (எல்லா செமஸ்டர் மார்க்கும் சேத்துக் குடுக்குறது) போதும்னு சொன்னா அதை மட்டும் குடுங்க, நாமளா ஆர்வத்துல எல்லாத்தையும் நீட்ட வேணாம். அரசாங்கக் கட்டணம் அப்போஸ்டிலுக்கு டாக்குமென்ட்டுக்கு 50 ரூபாதான், மிச்சமெல்லாம் சர்வீஸ் சார்ஜ், கூரியர், ஏஜென்ட்டோட அலைச்சல் கூலி, அதனால பில்லை பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க.

பி.சி.சி.யில, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்ல, ரெண்டு தப்பு நடக்குது. நம்ம போலீஸ் வெப்சைட்ல எடுக்குற வெரிஃபிகேஷன் வேற, பாஸ்போர்ட் ஆபீஸ் குடுக்குற பி.சி.சி வேற, வெளிநாட்டுக்கு பெரும்பாலும் ரெண்டாவதுதான் கேப்பாங்க. இன்னொண்ணு, அப்போஸ்டிலுக்கு எக்ஸ்பயரி கிடையாதுன்னு நம்பி ரொம்ப சீக்கிரமே எடுத்து வச்சுக்கறது. ஸ்டிக்கருக்கு கிடையாது சரி, ஆனா அதுக்கு அடியில இருக்கற பி.சி.சி.யை பல நாடு ஆறு மாசத்துக்கு மேல பழசா இருந்தா வாங்காது. அதை கடைசியா எடுங்க.

மொழிபெயர்ப்பும் அப்படித்தான். இங்கயே ட்ரான்ஸ்லேட் பண்ணி குடுத்துட்டு, அங்க போனா எங்க நாட்டு அங்கீகாரம் பெற்ற ட்ரான்ஸ்லேட்டர்தான் பண்ணணும், அந்த ஸ்டிக்கரையும் சேத்து பண்ணணும்னு திருப்பி அனுப்புவாங்க. முன்னாடியே கேட்டா ஒரு மெயிலோட முடிஞ்சிடும்.

பேப்பர் திரும்பி கைக்கு வந்ததும் ஸ்டிக்கர்ல இருக்கற பேரையும் நம்பரையும் அங்கயே பாருங்க, நம்பரை அமைச்சகத்து சைட்ல போட்டு வருதான்னு செக் பண்ணுங்க, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் கலர்ல ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் மீதி பணத்தைக் குடுங்க.