ரெக்கோடரின் இரைச்சலைச் சோதிக்கிறவர்கள் விடும் பிழைகள்

புது ரெக்கோடர் கையில் கிடைத்த பொடியள் முதலில் செய்வது இதுதான்: இரவில் அறையைப் பூட்டிவிட்டு, மூச்சுக் காட்டாமல் கொஞ்ச நேரம் பதிவார்கள். பிறகு, "அண்ணை, இது எவ்வளவு இரையுது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்று கோப்பு வரும். இங்கே இரைச்சல் என்பது ரெக்கோடரின் மின்சுற்றே தானாக எழுப்பும் சத்தம். பற்றரி முடிந்தது, மைக்குக்குக் காற்றுறை போடாதது போன்றவற்றை ஒருதரம் பட்டால் அவரவரே திருந்திக்கொள்வார்கள். அவற்றை விடுகிறேன்.

குமிழில் ஒரே எண்

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

மூதூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், அம்மம்மாவின் தாலாட்டுகளைப் பதிய ஆசைப்பட்டார். தன்னிடம் இருந்த பழைய ரெக்கோடரையும், கூட்டாளியிடம் இரவல் வாங்கிய புதியதையும் மேசையில் வைத்து, இரண்டின் கெயின் குமிழையும் (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று திருப்பும் குமிழ்) 5இல் விட்டு அமைதியைப் பதிந்தார். பழையதில் இரைச்சல் -65 டெசிபெல், புதியதில் -75 (0 தான் உச்சம், அதற்குக் கீழே போகப் போகச் சத்தம் மெல்லியது). பத்து டெசிபெல் வித்தியாசம் என்ற சந்தோஷத்தில் பழையதை விற்று, அதே புதிய மொடலை வாங்கினார்.

அம்மம்மாவின் குரல் மெலிந்த குரல். பதிந்ததைக் கேட்கிற அளவுக்குக் கொம்பியூட்டரில் உயர்த்தியதும் பாட்டோடு சேர்ந்து "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலும் எழும்பி வந்தது. விற்ற ரெக்கோடரில் முன்பு பதிந்த ஒரு தாலாட்டை எடுத்துப் பார்த்தோம். அதே குமிழ் அளவில், அதே தூரத்தில் அவரின் குரல் அங்கே -20இல் நின்றது, புதியதில் -38. கழித்துப் பாருங்கள். பழையதில் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி 45 டெசிபெல், புதியதில் 37. இரைச்சல் குறைந்தது என்று வாங்கிய சாமான் உண்மையில் 8 டெசிபெல் மோசம்.

குமிழில் உள்ள எண்ணுக்கு எந்தப் பொது அளவும் கிடையாது. இரண்டு வீட்டுத் தண்ணீர்க் குழாயை ஒரே அளவு திருப்பினால் ஒரே அளவு தண்ணீரா வரும்? இரைச்சலைத் தனியே அளந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரே சத்தத்தை இரண்டுக்கும் கொடுத்து, அதோடு ஒப்பிட வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பிங்க் நொய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த, மழை போன்ற சீரான சத்தம்) உருவாக்கி, போனில் போட்டு மெதுவாக ஒலிக்க விடுங்கள். இரண்டு ரெக்கோடரையும் ஒட்டினாற்போல் வைத்து முப்பது செக்கன் பதியுங்கள். குமிழைத் தொடாமல் போனை நிறுத்தி, இன்னொரு முப்பது செக்கன் அமைதியைப் பதியுங்கள். பிறகு இரண்டு கோப்பிலும் பிங்க் நொய்ஸ் ஒரே உயரத்துக்கு வரும்வரை முழுக் கோப்பையும் உயர்த்துங்கள். அதன் பிறகு அமைதிப் பகுதியில் எது குறைவாக இரைகிறதோ அதுவே நல்லது. அமைதிப் பகுதியை மட்டும் வெட்டி நோர்மலைஸ் செய்தால் (உச்ச அளவுக்கு உயர்த்தினால்) எல்லாம் பாழ். ஒற்றைச் சுருதி ஒலியும் வேண்டாம். அறைக்குள் மைக்கை நாலு விரல் நகர்த்தினாலே அதன் அளவு மாறிவிடும்.

இன்னொன்று: வேலையில் எந்தக் கெயினில் பதிவீர்களோ அதிலேயே சோதியுங்கள். குறைந்த கெயினில் கேட்பது பெரும்பாலும் முன்பெருக்கியின் (மைக்கின் ஒலியை முதலில் பெருக்கும் சுற்று) இரைச்சல் அல்ல, அதற்குப் பின்னாலுள்ள சுற்றினது.

கடலின் பழியை ரெக்கோடரில் போடுவது

திருகோணமலையில் உப்புவெளியிலோ டச் பே பக்கமோ வீடென்றால், யன்னலைச் சாத்தினாலும் கடல் உள்ளே வரும். அதுவும் "ஸ்ஸ்" தான். கச்சான் காற்றுக் காலத்தில் பனையோலை வேறு. காதை வைத்துக் கவனியுங்கள்: அலை ஏறி இறங்கும், மின்சுற்றின் இரைச்சல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கும். உள்மைக் மட்டும் உள்ளதென்றால் நடுச்சாமத்தில், மின்விசிறியையும் பிரிஜ்ஜையும் நிறுத்தி, அலுமாரித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். எக்ஸ்எல்ஆர் துளை (வெளிமைக்கைச் செருகும் மூன்று கம்பித் துளை) இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். ஒரு செருகியின் 2ஆம், 3ஆம் கம்பிகளுக்கு இடையே மைக்குக்குப் பதிலாக 150 ஓம் தடை ஒன்றைப் பற்றவைத்துச் செருகினால் போதும். கோணேசர் கோயில் திருவிழாவுக்கு நடுவிலும் சோதிக்கலாம்.

ஒன்றும் செருகாமல் சோதிப்பது

திறந்த துளை கூடுதலாக இரையும். அது குற்றமல்ல.

சார்ஜரோடு சோதிப்பது

50, 100, 150 ஹேர்ட்ஸில் உறுமல் கேட்டால் அது கரண்ட். வயரைக் கழற்றிப் பற்றரியில் பாருங்கள். போனையும் தள்ளி வையுங்கள்.

ஓட்டோ லெவல், எம்பி3

ஓட்டோ லெவல் தானாகவே கெயினை ஏற்றி இறக்கும், எம்பி3 ஒலியைச் சுருக்கும். இரண்டையும் நிறுத்துங்கள். 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள்.

ஹெட்போனை நம்புவது

ஹெட்போனுக்கான பெருக்கிக்கும் தனி இரைச்சல் உண்டு. பல மலிவான ரெக்கோடர்களில் நேரடியாகக் கேட்கும் இரைச்சல் கோப்பில் இருக்காது. கோப்பைக் கொம்பியூட்டரில் போட்டுக் கேட்ட பிறகே குறை சொல்லுங்கள்.

விவரத்தாளின் எண்

முன்பெருக்கியின் இரைச்சலை ஒரு கொம்பனி -127 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அளவு, கீழே போகப் போக நல்லது) என்றும் இன்னொன்று -129 என்றும் போடும். ஏ-வெயிட்டிங் (காதுக்குக் குறைவாகக் கேட்கும் சுருதிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை) போட்டு அளந்தால் எண் தானாகவே சில டெசிபெல் அழகாகும். ஆகவே இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று சின்ன எழுத்தைப் பாருங்கள். 150 ஓம் தடைக்கே, அறை வெப்பத்தில், 20 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹேர்ட்ஸ் வரை, ஏறக்குறைய -131 டிபியூ இரைச்சல் இயற்கையிலேயே உண்டு. திருகோணமலை வெயிலில் அது இன்னும் ஒரு மயிரிழை கூடும். அதையும் வென்றதாக ஒரு தாள் சொன்னால், ஏ-வெயிட்டிங் போட்டிருப்பார்கள் அல்லது உள்ளீட்டைக் குறுக்கிணைத்து (தடை எதுவும் இல்லாமல் கம்பிகளை நேரே இணைத்து) அளந்திருப்பார்கள்.