நாகர்கோவில்ல கடை எடுக்கிறதுக்கு முன்னாடி

வாடகை பேசுறதுக்கு முன்னால குழாயைத் திறந்து பாருங்க. ஊருக்குப் பழைய ஆதாரம் முக்கடல் அணைத் தண்ணி. எத்தனை நாளுக்கு ஒருக்க வருதுன்னு பக்கத்து வீட்டு அக்காமாருட்ட கேட்டா சரியாச் சொல்லுவாங்க. வற்றாத கிணறு உள்ள கட்டடம்னா வாடகை கொஞ்சம் கூடுனாலும் விடாதீங்க.

கரண்ட் மீட்டர் வீட்டுக் கட்டணத்துல இருந்தா, வணிகக் கட்டணத்துக்கு மாத்தித் தரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க. சொத்து வரி ரசீதையும் பாத்துருங்க. 2019ல மாநகராட்சி ஆன ஊரு. தொழில் உரிமம் அங்கதான்.

வியாபாரத்துக்கு இந்த ஊரை நான் அடிச்சுச் சொல்லுவேன். 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேர்ந்தாலும் திருவிதாங்கூர் காலத்துக் கேரள ஒட்டு இன்னும் விட்டுப்போகல. ஓணம் வந்தா பக்கத்துத் தோவாளைச் சந்தைப் பூ கேரளாவுக்குப் போகும். எங்க கடையில ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. காயை நேரா எண்ணெய்க்கு மேலயே சீவணும், உப்புத்தண்ணி தெளிச்சதும் எழும்புற சடசடப்பு அடங்கினப்புறம்தான் கோரணும். ஓணத்துக்குக் குலை விலை ஏறிரும். முன்கூட்டியே விவசாயிகிட்டப் பேசி முன்பணம் குடுத்துருங்க.