வகுப்பை ஏமாற்றுவது எப்படி? ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எனக்கு இரண்டாம் வகுப்பு. ஒருநாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு பையனின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். "டீச்சர், என் பேரு?" என்றான். "உன் பேரு இதுல இல்லையே கண்ணு. நீ வேற ஸ்கூலாச்சே!" என்றேன், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான்.

ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். அன்று முழுக்க அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஏழு வயதில் டீச்சர் சொன்னால் அது உண்மை, அவ்வளவுதான். பெயர், உட்காரும் இடம், மார்க், லீவு, அம்மா வந்திருக்காங்க, ஹெச்.எம். கூப்பிடுறாங்க: இவற்றில் எதையும் விளையாட்டுக்குத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தனியாக ஒரு பிள்ளையை ஏமாற்றுவதும் இல்லை. ஏமாந்தால் மொத்த வகுப்பும் சேர்ந்து ஏமாற வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. 'சும்மா விளையாட்டுக்கு' என்று நாம் சொல்வது அந்தப் பிள்ளைக்கும் விளையாட்டுதானா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

ஏப்ரல் 1 வேண்டாம். அன்று யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, 'ஏ.எஃப்.' (ஏப்ரல் ஃபூல்) என்று எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தொட்டு, முன்னால் போகிறவன் சட்டை முதுகில் ஒரு அச்சு. வீட்டில் உதை. அதைவிட, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்கி விழும் நேரம் உத்தமம்.

முதலில் கை பழக ஒரு சின்ன வேலை

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இது. பழக்கடையில் தரும் காகிதப் பை ஒன்று போதும். பையின் வாய் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் இல்லாத பந்து ஒன்றை மேலே எறியுங்கள். கண்ணும் தலையும் அதன் கூடவே மேலே போய்க் கீழே வரட்டும். பந்து 'விழும்' நொடியில், பையை விடாமல் சொடக்குப் போடுங்கள். 'டப்' என்று சத்தம் வரும், பையும் குலுங்கும். முதல் தடவை திகைப்பார்கள். மூன்றாவது தடவை, "டீச்சர், எனக்குப் போடுங்க!" என்று கையை நீட்டுவார்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை பழகிவிட்டு வாருங்கள். சத்தம் முந்தினால் குட்டு உடைந்துவிடும்.

இப்போது பெரிய வேலை: 'உங்க மனசு எனக்குத் தெரியும்'

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தேவையானவை: வெள்ளை மெழுகுவர்த்தி, கொஞ்சம் கெட்டியான வெள்ளை வரைதாள், ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள், அரை டம்ளர் தண்ணீர், பஞ்சு.

1. முந்தின நாள் வீட்டில், தாளில் மெழுகுவர்த்தியால் 1089 என்று பெரிதாக எழுதுங்கள். நன்றாக அழுத்தி எழுத வேண்டும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கோடு மினுங்கும். மினுங்காத இடத்தில் இன்னொரு தடவை தேயுங்கள். மெல்லிய தாள் வேண்டாம், நனைந்தால் கிழியும்.

2. காலையிலேயே அந்த வெறுந்தாளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். "மத்தியானம் நீங்க என்ன நினைக்கப் போறீங்கன்னு இப்பவே எழுதிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அரை நாள் அந்தத் தாளைச் சுற்றியே வருவார்கள்.

3. மதியம், ஆளுக்கொரு மூன்று இலக்க எண் எழுதச் சொல்லுங்கள். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 742 என்று வைத்துக்கொள்வோம்.

4. அதைத் திருப்பிப் போட்டால் 247. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 495.

5. அதையும் திருப்பி, 594. இப்போது கூட்டினால் 1089.

6. "எல்லாரும் ஒரே நேரத்துல விடையைச் சத்தமாச் சொல்லுங்க!"

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவனும் அதே எண்ணைச் சொன்னதும், "டேய், என்னைப் பாத்து எழுதினியா?" என்று ஒரு சண்டை கிளம்பும். கிளம்பட்டும். பிறகு நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தொடங்கிய எண் வேறு வேறு, முடிந்த எண் ஒன்றே என்று தெரிந்ததும் ஒரு அமைதி வரும். அப்போது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பஞ்சை மஞ்சள் தண்ணீரில் தொட்டுத் தாள் முழுக்கத் தடவச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. மஞ்சளுக்கு நடுவே 1089 வெள்ளையாக எழுந்து வரும். அப்போது எழும் கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது முதல் தடவை சரியாக வரவில்லை. வித்தியாசம் இரண்டு வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு பெண் 413 எடுத்தாள். 314ஐக் கழித்தால் 99, திருப்பினாலும் 99, கூட்டினால் 198. வகுப்பே 1089 என்று கத்தும்போது அவள் மட்டும், "எனக்கு வேற வருது டீச்சர்" என்றாள். எல்லோரும் அவளைத்தான் தப்பு என்றார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன், கணக்கு சரி. 99ஐ 099 என்று எழுதித் திருப்பினால் 990. அப்போது 1089 வந்துவிடும். தப்பு என்னுடையது என்று அவள் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். கழித்தலில் சறுக்குகிறவர்களும் இருப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவர் போட்டதை மற்றவர் சரிபார்த்த பிறகே விடையைச் சொல்லச் சொல்கிறேன்.

'எப்படி டீச்சர்?' என்று கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். கழித்து வந்த விடைகளை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள்: 198, 297, 396, 495, 594... நடுவில் எப்போதும் 9, இரண்டு ஓரங்களைக் கூட்டினாலும் 9. அவர்களே கண்டுபிடிப்பார்கள். சாதாரண நாளில் ஐந்து கழித்தல் கணக்குக்கு முகம் சுளிக்கிறவர்கள், அன்று 'இந்த எண்ணுக்கும் வருதான்னு பாக்கறேன்' என்று பெல் அடித்த பிறகும் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தாள் காய்ந்ததும் இன்னொன்று மிச்சமிருக்கிறது. சலவை சோப்பைக் கரைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு அந்த மஞ்சளின் மேல் கோடு போடுங்கள், சிவப்பாக வரும். கை கழுவும் திரவ சோப்பு சிலவற்றில் காரத்தன்மை போதாது, அதை நம்ப வேண்டாம். அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். எங்கள் வகுப்பில் ஒருத்தி பார்த்ததுமே, "இது ஆரத்தி டீச்சர்!" என்றாள். சரியாகச் சொன்னாள். ஆரத்தித் தட்டில் மஞ்சளைச் சிவக்க வைப்பது சுண்ணாம்பு, இங்கே சோப்பு. இரண்டும் காரம். வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் தெறித்தால் வீட்டில் சோப்புப் போட்டதும் அதுவும் சிவக்கும். மறுநாள் காலையில் ஒரு அம்மா பதறிப்போய் போன் செய்தார். வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் கறை மங்கிவிடும் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெறுந்தாள். மேஜையில் மஞ்சள் தண்ணீர், பஞ்சு. "உங்களுக்கு ஒண்ணு எழுதியிருக்கோம் டீச்சர், தடவிப் பாருங்க" என்றார்கள். தடவினேன். மேலே ஒன்றும் இல்லை. கீழே தடவினேன். மூலை முடுக்கெல்லாம் தடவி, தாள் முழுக்க மஞ்சளாகி, என் கை மணிக்கட்டு வரை மஞ்சளான பிறகும் ஓர் எழுத்துகூட வரவில்லை. "ஒண்ணுமே வரலையேடா?"

"ஒண்ணுமே எழுதல டீச்சர்!"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.